உதாரணப் பட்டியல்

ஏஐ ஏஜென்ட் அந்தப் பெயரை மொழிபெயர்த்துவிட்டது.

நான் கேட்காமலே செய்தது. எங்கள் நிரல் களஞ்சியத்தில் என்னென்ன கிளைகள் இருக்கின்றன என்றுதான் கேட்டிருந்தேன். நூற்று எண்பத்தாறு பெயர்கள் வந்தன. நாற்பத்தோராவது பெயருக்குப் பக்கத்தில் மட்டும், உதவி செய்கிற நினைப்பில், ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. இது தமிழ், 'கிழவியின் குப்பை' என்று பொருள்.

அந்தப் பெயரை வைத்தவன் நான்.

மணி இரண்டு நாற்பது. மூன்று மணிக்கு மேனேஜர் மிஸ் டானும் ரமணி அக்காவும் என் ஆவணத்தைச் சரிபார்க்க வருவார்கள்.

வேலை என்னவோ சின்னதுதான். இனிமேல் எங்கள் நிரலை எங்களோடு சேர்ந்து ஏஐ ஏஜென்டுகளும் திருத்தப் போகின்றன. அவற்றுக்குக் கிளைகளின் பட்டியலை எடுத்துக் கொடுக்க ஒரு கருவி இருக்கிறது. அதை எப்போது பயன்படுத்த வேண்டும், என்ன தரும், என்ன தராது என்று நான்கு பக்கம் எழுத வேண்டும்.

எழுதியிருந்தேன். 'பெயரை மட்டும் தரும். கடைசியாக யார் தொட்டார், எப்போது தொட்டார் என்று தராது.' தெளிவான வாக்கியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

உதாரணத்துக்கு மட்டும் உண்மையான பட்டியலைப் போடச் சொல்லியிருந்தார் மிஸ் டான். கற்பனைப் பெயரைப் போட்டால் ஏஜென்ட் அதையும் நம்பிக்கொண்டு தேடக் கிளம்பிவிடுமாம்.

கிளை என்றால் பெரிய சங்கதி இல்லை. பொது நிரலில் கை வைக்காமல், அதிலிருந்து ஒரு படி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு வேலை செய்வோம். எடுக்கிறவர் பெயர் வைப்பார், யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ரமணி அக்கா எழுதிய பழைய பகுதி ஒன்றைத் திருத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜுருவிலும் மாக் மண்டினிலும் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு லாரி ஏற்பாடு செய்கிற பகுதி. பத்து வருடப் பழசு. ஓரிடத்தைத் தொட்டால் ஒன்பது இடத்தில் பிய்த்துக்கொண்டு வந்தது. எரிச்சலில் ஒரு கிளை எடுத்து, ஆங்கில எழுத்தில் 'கெழவி குப்ப' என்று தட்டினேன். அதைப் படம் பிடித்து கோகுலனுக்கு அனுப்பினேன். கல்லூரியில் என்னோடு படித்தவன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இரண்டே வாரத்தில் என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். கிளையை அப்படியே போட்டுவிட்டு மறந்தும் போனேன். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

இந்த ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அக்காவும். அக்கா பார்த்தால் என்ன நினைப்பார் என்று அன்று யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அக்காவைப் பற்றியே யோசிக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்து, ஓரத்து மேசையில் சத்தமில்லாமல் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர். போன வருடம் நான் டெங்கியில் படுத்தபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அதற்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொன்னதில்லை.

மணியைப் பார்த்தேன்.

அழித்துவிட்டால் தீர்ந்தது. செத்த கிளை, யாருக்கு என்ன நஷ்டம்? அழிக்கிற கட்டளையை எழுதினேன். அதற்கு அந்தப் பெயரை மறுபடியும் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியிருந்தது. கை கூசியது. என்டரைத் தட்டுவது ஒன்றுதான் பாக்கி.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

பின்னால் ரமணி அக்கா. பக்கத்தில் மிஸ் டான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

திரையை மாற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மிஸ் டான் குனிந்து, பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்றில் நின்றார். ஆங்கிலக் குறிப்பை இரண்டு தரம் படித்தார். இது யார் வைத்த பெயர் என்று என்னைக் கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

வாயைத் திறந்தேன். 'நான்' என்று சொல்லத்தான் திறந்தேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அதற்குள் அக்கா சிரித்தார். அது தன்னுடையதுதான், விளையாட்டுக்குத் தானே வைத்த பெயர், இந்த ஆபீசில் வேறு கிழவி யார் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ் டானும் சிரித்துவிட்டார். பெயரை மட்டும் மாற்றிவிடச் சொன்னார். அவருக்கு ஃபோன் வந்தது, பேசிக்கொண்டே தன் அறைக்குப் போனார்.

நான் திரும்பவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. என் தோளுக்கு மேலாக, நான் தட்டி வைத்திருந்த கட்டளையை அவர் படிப்பது தெரிந்தது. கை நீட்டி, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அதை நீக்கினார்.

"அத அழிச்சிறாத தம்பி. பழைய கஸ்டமருங்களுக்குப் போற லாரி ஏற்பாடெல்லாம் அதுலதான் லா இருக்கு. ரெண்டு வருசமா, தினம் காலைல வந்ததும் நான் தொறக்கிறது அதத்தான்."