லோர்னாவின் ஃப்ரீசர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, பாஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

“முப்பது வருஷத்துல உங்க ஆராய்ச்சியை மேற்கோள் காட்டினவங்க பதினோரு பேர், லோர்னா. என்னோட ஒரு கட்டுரைக்கே ஆறாயிரம்! ஆய்வுக்கூடத்தைக் காலி பண்ணுங்க” என்றார் துறைத்தலைவர் விட்டேக்கர்.

“பண்ணிடறேன். என் ஃப்ரீசரையும் கொண்டுபோறேன்.”

“அந்த ஓட்டைப் பெட்டியா? தாராளமா!”

சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த விட்டேக்கரின் அந்தக் கட்டுரையை லோர்னா காட்டினாள். “கடைசி வரியைப் படிங்க.”

அவர் படித்தார்: “இச்சோதனைக்கான ஆன்டிபாடியை உருவாக்கித் தந்த லோர்னாவுக்கு நன்றி.”

“அந்த ஆறாயிரம் பேருக்கும் அதே பெட்டியிலிருந்துதான் அந்த ஆன்டிபாடி இலவசமா போகுது; அது இல்லாம உங்க சோதனையை யாராலும் செய்ய முடியாது. நன்றி சொன்னா மேற்கோள் கணக்குல வராதாமே!”

விட்டேக்கர் ஓடிவந்து கதவை மறித்தார். “லோர்னா, நீங்க இங்கேயே இருங்க!”

“போட்டிப் பல்கலைக்கழகத்தோட வண்டி கீழே நிக்குது. கொஞ்சம் கதவைப் பிடிச்சுக்கறீங்களா?”

கொடுத்த கையை மறவாத மனிதர்களால் உங்கள் வீடு நிறையட்டும்.