நடுவில் இருந்த கட்டம்

"அடியே, தாழ்ப்பாளைக் கழட்டிட்டாங்கடி!"

வார் தைக்கிற அக்கா சொன்னதும் ஜிப்புக்காரி மிஷினை அப்படியே நிறுத்திவிட்டாள்.

தாழ்ப்பாள் என்றால் கதவில் இருப்பதல்ல. பள்ளிக்கூடப் பை தைக்கிற அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். கீழே யார் என்ன கேட்டாலும் மேலே மேனேஜர் வரைக்கும் போக விடமாட்டார். ஃபேன் ஓடவில்லையா, "பார்க்கலாம்." டீ ஆறிப்போய் வருகிறதா, "பார்க்கலாம்." அதனால்தான் அந்தப் பெயர்.

ஜிப்புக்காரிக்கு அவர்மேல் தனிக் கடுப்பு. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் அவள் மகள் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நிற்கும். சாயங்காலம் அரை மணி முன்னால் விட்டால் போதும் என்று அவரிடம் கேட்டாள்.

"இப்ப உன் பேரை மேல கொண்டுபோக முடியாது. போ, வேலையைப் பாரு."

"ஏன் அண்ணே, என் பேருல என்ன முள்ளா இருக்கு?"

"போன்னு சொன்னேன்."

இதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவள் அசந்துபோய் ஜிப்புகளைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பையைத் திறந்தால் இழுக்கிற வளையம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். "கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்க?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தி, எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வைத்தவரும் அவர்தான்.

வார் அக்கா சொன்ன சற்று நேரத்தில் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, பலகையில் மாடி வீடு மாதிரி கட்டம் கட்டமாகப் போட்டார். உச்சியில் முதலாளி, அடுத்து மேனேஜர், அதற்குக் கீழே சூப்பர்வைசர், அடியில் தையல்காரர்கள். பிறகு சூப்பர்வைசர் கட்டத்தை உள்ளங்கையால் துடைத்தார்.

"இனிமே நடுவுல யாரும் கிடையாது. எதுவா இருந்தாலும் நேரா என்கிட்ட வாங்க. பெரிய கம்பெனியெல்லாம் இப்ப இப்படித்தான்."

"மாடி வீட்டை இடிச்சுப் பாயா விரிச்சுட்டாரு!" என்று வார் அக்கா கிசுகிசுத்தாள்.

தாழ்ப்பாள் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பேக்கிங் மேஜைக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஜிப்புக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள். மேலே ஒரே வரிசை. ஃபேனுக்கு ஒருத்தி, டீக்கு ஒருத்தர், குழாய் ஒழுகுகிறது என்று ஒருத்தர். இவள் முறை வந்தபோது மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க என்னம்மா?"

"ஜிப் தைக்கிறேன் சார். குழந்தையைக் கூப்பிட..."

"ஜிப்பா?" அவர் நிமிர்ந்தார். "நல்லவேளை வந்தீங்க. போன மாசம் ஜிப் தலைகீழா இருக்கிற பை ஒரு கட்டு கடைக்காரர் கிட்டயே போயிடுச்சு. மனுஷன் போன்ல என்னைக் காய்ச்சி எடுத்துட்டார். ஜிப் வேலைக்கு நீங்க ஆறு பேரு. யார் தைச்சதுன்னு உங்க சூப்பர்வைசரைக் கேட்டேன்."

ஒரு கட்டு தப்பிப் போயிருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்தாயிற்று என்றல்லவா நினைத்திருந்தாள்!

"என்ன சொன்னார் சார்?"

"'என் பார்வையில நடந்தது, என் தப்பு'ன்னார். எத்தனை தடவை கேட்டாலும் அதே பாட்டு. பேரைச் சொல்லு, இல்லேன்னா உன் பதவி போயிடும்னேன். அப்பவும் வாயைத் திறக்கல. அதான் எடுத்துட்டேன். நீங்க நேரா சொல்லுங்க, யாரது?"

தாழ்ப்பாள் மேலே போவதை மட்டும் அடைக்கவில்லை. மேலேயிருந்து வந்ததையும் அவரே வாங்கிக்கொண்டிருக்கிறார். 'இப்ப உன் பேரை மேல கொண்டுபோக முடியாது' என்றது இதனால்தானா!

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையும் நிலைக்கும், அரை மணியும் கிடைக்கும்.

"நான்தான் சார்."

"என்னது?"

"நான்தான் தைச்சேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். ஆனா உங்ககிட்ட காட்டிக் குடுக்கல."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உங்களை வேலையை விட்டே அனுப்பியிருப்பேன்மா."

"அது தெரிஞ்சுதான் அவர் சொல்லல. இப்பவும் அனுப்பணும்னா அனுப்புங்க. கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் பிழைச்சுக்குவேன். முதல்ல அவர் கட்டத்தை அவருக்குத் திருப்பிப் போட்டுக் குடுங்க சார்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். பிறகு கதவுக்கு வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். கடைசியில் நின்றவர் குழாயையே கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"நீங்க போய் ஜிப்பை நேரா தைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து மார்க்கரை எடுத்தார். "போற வழியில அவரைக் கொஞ்சம் மேல வரச் சொல்லுங்க."

கீழே பேக்கிங் மேஜையில் தாழ்ப்பாள் நிமிரவே இல்லை.

"என்ன, நேரா போய் அரை மணி வாங்கிட்டியா?"

"இல்ல அண்ணே. கேக்கவே இல்ல. உங்களை மேல கூப்பிடறாங்க, பழைய வேலைக்கு." அவள் மிஷின் பக்கம் திரும்பினாள். "வந்ததும் சொல்லுங்க, அந்த அரை மணியை உங்ககிட்டயே கேக்கறேன்."

அவர் ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். பாக்கெட்டிலிருந்த இஞ்சு டேப்பை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"பார்க்கலாம்."