இரும்புச் சன்னலில் தொங்கிய ரொட்டி

பூங்காக் காவலாளி துல்கின், இரும்பு ரயில்பெட்டியின் சன்னலருகே நின்று ரொட்டியைக் கடித்துவிட்டு, மிச்சத்தைக் கம்பியில் தொங்கவிட்டதைச் சைஃபுத்தீன் கண்ணாரக் கண்டார்.

வெள்ளித் தொழுகை முடித்து வந்தவரின் மனம் பதறிவிட்டது.

பழைய தண்டவாளங்களை வளைத்துப் பற்றவைத்து, மூன்று மாடி உயரத்துக்கு எழுப்பிய சிற்பம் அது. சன்னல்தோறும் இரும்பு மனிதர்கள் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் கீழ்ச் சன்னலில் தொங்கும் ரொட்டி யாருடையது என்பது பூங்காவுக்கு வரும் எல்லாருக்கும் தெரியும்.

ஜுலைஹாவின் மகன் ஓய்பெக் ரஷ்யாவுக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று ஒரு கடி கடித்துவிட்டுப் போன ரொட்டி. மிச்சத்தை அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அதுவரை பிறர் வாய் படலாகாது. அவனிடமிருந்து நெடுநாளாகத் தகவல் இல்லை. ரொட்டி தொங்கிய வீட்டுச் சுவரும் பூங்காவுக்காக இடிபட்டது. சுவர் இருந்த இடத்தில் நின்ற இந்தச் சன்னலில் அதைக் கட்டிவிட்டு, ஜுலைஹா வெள்ளிதோறும் வந்து பார்த்துப் போகிறாள்.

"காவல் காக்கச் சொன்னா, காவலாளியே கடிக்கிறியா? பசின்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே, தம்பி."

துல்கின் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசுங்க பெரியவரே. அந்த அம்மா வர்ற நேரம்."

"வரட்டும். அவங்ககிட்டயே சொல்றேன். மறைச்சா அந்தப் பாவம் எனக்கும் சேரும்."

துல்கின் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே ரொட்டித் துணுக்குகள். கட்டிய சில நாளிலேயே மைனாக்கள் கொத்தித் தீர்த்துவிட்டனவாம். மண்ணில் மிதிபடாமல் பொறுக்கி வைத்தது அவ்வளவுதான். அதன்பின் மைனா கொத்தும்போதெல்லாம், அதே போன்ற ரொட்டியை வாங்கி, ஒரு கடி கடித்து, அவனே தொங்கவிடுகிறான்.

"ரொட்டி போச்சுன்னா பிள்ளையும் போயிட்டான்னு நினைச்சிருவாங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம், பெரியவரே."

சைஃபுத்தீன் அந்தத் துணுக்குகளைக் குனிந்து பார்த்தார். இருந்தாலும் பொய் பொய்தானே? ஒரு தாயை, அதுவும் ரொட்டியின் பேரில் ஏமாற்றலாமா?

ஜுலைஹா வந்தாள். ரொட்டியை இரு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடித்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழையபடி தொங்கவிட்டு, நா வறள்கிறது என்றாள். துல்கின் தேநீர் கொண்டுவர ஓடினான்.

சைஃபுத்தீன் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நெருங்கினார். "அம்மா, அந்த ரொட்டி…"

"சொல்லாதீங்க அண்ணே."

அவள் ரொட்டியில் கடித்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"பன்னெண்டு வயசுல ரயில் படியில விழுந்து என் பிள்ளைக்கு முன்பல் ரெண்டும் போயிருச்சு. அவன் கடிச்சா நடுவுல கொஞ்சம் மிச்சம் துருத்திக்கிட்டு நிக்கும். இதுல பல்வரிசை முழுசா இருக்கு. முதல் தடவையே பார்த்துட்டேன்."



தேநீர்க் கிண்ணம் தளும்பாமல் துல்கின் மெல்ல நடந்து வருவதைப் பார்த்து, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவனுக்குத் தெரிய வேண்டாம்."