பாலம் வருமாக்கா?

"என்னக்கா, உங்க கட்சி கட்டின பாலத்துல ஏறி வரலாம்னு பார்த்தேன். தேடித் தேடிக் கண்ணு பூத்ததுதான் மிச்சம். அதான் வழக்கம்போல கேட்டுல வந்து மாட்டிக்கிட்டேன்."

வேன் டிரைவர் இப்படிச் சொல்லிவிட்டுக் காபிக்குக் கை நீட்டினார். ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சாலை வளைவு வரைக்கும் வண்டிகள் நின்றிருந்தன. இறங்கி வந்து காபிக் கடையை மொய்த்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கடைக்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை. துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது. அங்கே ஒருவர் முக்காலியில் கருவி ஒன்றை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதையோ அளந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து அளக்கிறார். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"வரும். சொல்லியிருக்காங்கல்ல" என்றாள் டிரைவரிடம்.

"போன தேர்தல்லயும்தான் சொன்னாங்க. அதுக்கு முந்தின தேர்தல்லயும் சொன்னாங்க. அதே பாலம், அதே படம். நோட்டீஸ்ல இருக்கிற பாலமே பழசாகிப் போச்சுக்கா. அதுக்கு முதல்ல ரிப்பேர் பார்க்கச் சொல்லுங்க."

அவள் அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர். 'இருப்பதைக் காப்போம்' என்பது கட்சியின் முழக்கம். மக்கள் சுருக்கமாகப் பழமைக் கட்சி என்பார்கள். தெருப் பெயரை மாற்றக் கூடாது, பள்ளிக்கூடத்து மணியை மாற்றக் கூடாது என்று ஊர்வலம் போனவர்கள். அணைந்துபோன தெருவிளக்கில் பல்பு மாற்றுவதற்குக்கூட அவர்கள் ஒரு கூட்டம் போட்டு யோசிப்பார்கள் என்று கேலி உண்டு. புதிதாகச் செய்வதாக அவர்கள் சொன்னது இந்த மேம்பாலம் ஒன்றைத்தான். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பாலத்துக்கு நான் பொறுப்பு" என்று வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள் அக்காதான்.

"எதிர்த்து நின்னாரே இன்ஜினியர், அவரை ஜெயிக்க விட்டிருந்தா இந்நேரம் பாலத்து மேலே பறந்திருப்போம். சொன்னா செஞ்சு முடிச்சுட்டுத்தான் மனுஷன் சோத்துல கை வைப்பார். அவரைப் போய்த் தோற்கடிச்சுட்டீங்க" என்றார் டிரைவர்.

பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கணவன் தலையை நீட்டினான். "எனக்கே அது புரியலப்பா. வீட்டுல இருந்தா, 'அவங்க ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டாங்க'ங்கறா. வெளியே வந்தா அவங்களுக்கே கொடி பிடிக்கிறா."

"நீங்க டம்ளரைப் பாருங்க" என்றாள் அவள்.

"ரயில் தலையையே காணோம். எதுக்கு இவ்வளவு முன்னாடி மூடறாங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. தினம் பார்ப்பவள் அல்லவா. "கேட்டைப் பூட்டினாத்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவியை உள்ளே இருக்கிற பெட்டியில போட்டுத் திருப்பினாத்தான் சிக்னல் பச்சையாகும். ரயில் ரொம்ப தூரத்துல வரும்போதே அதோட டிரைவர் கண்ணுக்குப் பச்சை தெரியணும். இல்லேன்னா நிறுத்திடுவார். அதனால முன்னாடியே மூடித்தான் ஆகணும். ரயில் போற வரைக்கும் சாவியை அந்தப் பெட்டி திருப்பித் தராது. யாராலயும் அவசரப்பட்டுத் திறக்க முடியாது."

"கட்சிக்கும் அப்படி ஒரு பெட்டி வைக்கணும்க்கா" என்றார் வேன் டிரைவர். "சொன்னதைச் செஞ்சு முடிச்சாத்தான் சாவி வரணும். அப்புறம்தான் அடுத்த தேர்தலுக்கு வாயையே திறக்க முடியணும்."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ரயில் தடதடவென்று கடந்து போனது. அது போன கையோடு, அளந்துகொண்டிருந்தவர் தண்டவாளத்தைத் தாண்டிக் கடைக்கு வந்தார்.

அவள் காபியை நீட்டினாள். "சார், இதுவும் வெறும் அளவுதானே? போன தடவையும் ஒருத்தர் அளந்துட்டுப் போனார். அப்புறம் ஆளையே காணோம்."

"அது நிலம் எவ்வளவு இருக்குன்னு பார்த்த அளவும்மா. இது தூண் எங்கெங்கே வரணும்னு குறிக்கிற அளவு. ஒப்பந்தமே போட்டாச்சு. வர்ற வாரம் குழி தோண்ட ஆரம்பிக்கறாங்க."

"நிஜமாவா?"

"கையெழுத்தாகி மேலேயிருந்து வந்துடுச்சு. இனிமே யார் நினைச்சாலும் நிறுத்த முடியாது."

வேன் டிரைவர்தான் முதலில் கை தட்டினார். "அக்கா, பேசினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. இனிமே இந்த இடத்துல எவனும் வண்டியை நிறுத்திட்டுத் தேவுடு காக்க வேண்டியதில்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் கேட் உயர்ந்தது. பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். ஹாரன் சத்தம் அடங்கியபோது கடை முன்னால் ஈ காக்கை இல்லை. அடுத்த சுற்றுக்கு வைத்த பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது.

கணவன் ஓடி வந்து அடுப்பை அணைத்தான். "ஊரே கை தட்டிட்டுப் போகுது. நீ என்ன, பறிகொடுத்தவ மாதிரி நிக்கறே?"

அவள் காலிப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த ரயிலுக்குக் கேட் மூடும்வரை அதில் யாரும் உட்காரப் போவதில்லை.

"அந்த இன்ஜினியர் ஜெயிச்சா பாலத்தைக் கட்டி நம்ம பொழைப்புல மண்ணைப் போட்டுடுவாருன்னு பயந்துதானேங்க, இவங்க ஜென்மத்துக்கும் கட்ட மாட்டாங்கன்னு நம்பி வீடு வீடா ஏறினேன்" என்றாள். "கடைசியில சொன்னதைச் செஞ்சு ஏமாத்திட்டாங்களே."