முதலிடத்தில் இருந்த பாட்டு

"என்னங்க, ஓடி வாங்க! நம்ம பொண்ணு பேர்ல வந்திருக்கு!"

தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்போடு கூடத்துக்கு வந்தார். ஜனவரியில் சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன மகளிடமிருந்து இதுவரை ஒரு போன்கூட இல்லை. அவளுடைய பாட்டுச் செயலி மட்டும் டிவியில் அப்படியே இருந்தது. இந்த வருடம் அவள் அதிகம் கேட்ட பத்துப் பாடல்களை அது பட்டியல் போட்டிருந்தது.

"பாத்தீங்களா? எங்கயோ நல்லாத்தான் இருக்கா," என்றாள் மனைவி.

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

சொன்னாரே தவிர, அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அத்தனையும் அவர் போட்ட பாட்டு. மகளின் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும். கடையில் பொத்தான் தைத்துக்கொண்டே, தன் போனில் அவள் கணக்கைத் திறந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தினமும் ஓடவிடுவார். டிவியில் 'கடைசியாகக் கேட்டது' என்று புதுப் பாட்டு தெரிந்த நாளில்தான் மனைவி சாப்பிட்டாள்.

அப்போதுதான் பட்டியலில் முதலிடத்தைக் கவனித்தார். ஒரு மழைப் பாட்டு. நானூற்றுப் பன்னிரண்டு முறை. அதை அவர் ஒருநாளும் போட்டதில்லை.

டிவியைத் தொட்டுக் காட்டினார். "இவளே, இது அவதான்டி! சத்தியமா அவதான்! மத்த ஒம்பதும் நான் போட்டது, இது நான் இல்ல!"

மனைவி ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது நான் போட்டதுங்க. நானும் அவளும் சேர்ந்து கேக்கற பாட்டு. அவ என்னைக்காவது இதைத் திறந்து பாத்தா, அம்மா கூப்பிடறான்னு அவளுக்குப் புரியுமேன்னு போட்டேன். அந்த ஒம்பதும் அவ கேட்டதுன்னுதானே எனக்கு இத்தனை நாளா சோறு இறங்குச்சு?"