லைப்ரரிக்காரர் வந்திருக்கிறார்

"மாகிரட் அக்கா! லைப்ரரிப் புத்தகம் என்ன மாதிரி? இண்டைக்காவது கிடைக்குமோ, கிடைக்காதோ?"

படலையைத் தட்டியபடி இராகுலன் போட்ட சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்டது.

மதிலுக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த றம்ஸியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தா, வந்துட்டாரு. வியாழக்கிழமை எண்டாப் போதும்."

மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகில் வேலை செய்யும் அவள் கணவன் ஹஸ்மி, துறைமுகத்துக்குப் போகுமுன் திண்ணையிலிருந்து சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"புத்தகத்தக் குடுத்தா மனிசன் ஏன் வாறாரு?"

"இருந்தாத்தானே குடுப்பாங்க. எங்கயோ தொலைஞ்சிருக்கும். அதுக்காகத் தனியா இருக்கிற பொம்பிளைய இப்படியா வதைக்கிற?"

மாகிரட், துறைமுகத்தில் ரெலிபோன் ஒப்பரேற்றராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. றம்ஸியா இந்த ஒழுங்கைக்குக் குடிவந்த காலத்திலிருந்து அந்த வீட்டில் வேறு ஆள் குடியிருந்து கண்டதில்லை. பின்னேரமானால் ரேடியோ மட்டும் கதைக்கும்.

றம்ஸியா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மாகிரட் படலையைத் திறந்தார்.

"தேடிக்கொண்டுதான் இருக்கிறன் தம்பி. உள்ளுக்கு வாங்கோ."

அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம். கட்டில் இழுக்கிற சத்தம். பிறகு கனநேரம் ஒரு சத்தமும் இல்லை.

வெளியே வரும்போது இராகுலன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த வியாழன் திரும்ப வருவன். புத்தகம் இருக்க வேணும், சொல்லிப்போட்டன்!"

"பாருங்களன், ஏசவும் ஏசிப்போட்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போறாரு!" என்றாள் றம்ஸியா. "போன கிழமை கூரைக்கு மேலயும் ஏறினவரு."

"கூரைக்கு மேலயா?" என்றான் ஹஸ்மி.

"ஓம். ஓட்டுக்குக் கீழயா அன்ரி புத்தகத்த ஒளிச்சு வச்சிருப்பாங்க?"

மறுநாள் றம்ஸியா நேரே நூலகத்துக்கே போனாள்.

"உங்கட ஆளொருத்தர் எங்கட பக்கத்து வீட்டு அன்ரியப் போட்டு வதைக்கிறாரு, மிஸ்."

நூலகர் தர்ஷனா விஷயத்தைக் கேட்டார். எழுந்து போய், தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"மாகிரட் மிஸ் கடைசியா எடுத்தது இதுதான். எப்பவோ திரும்பி வந்திட்டுது."

"அப்ப அந்த இராகுலன்?"

"அவர் பென்சனில போய்க் கனகாலம்!"

தர்ஷனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கேயே ஃபோனை எடுத்தார். றம்ஸியாவும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"லைப்ரரிப் பேரைச் சொல்லிக்கொண்டு ஆக்களின்ர வீட்டுக்குப் போறீங்களாம். வெக்கமில்லையா? இனி அந்தப் படலைப் பக்கம் கண்டால் பொலிசில சொல்லுவன்."

மறுபக்கத்தில் இராகுலனின் குரல் தணிந்து வந்தது.

"ஓம், மிஸ். இனிப் போகமாட்டன்."

ஒழுங்கைக்குத் திரும்பிய றம்ஸியா, கண்ட எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னாள். இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரி கிடைக்க அன்ரி குடுத்து வைக்க வேணும் என்று ஆட்கள் சொன்னபோது அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது.

வியாழக்கிழமை வந்தது. படலையை ஒருவரும் தட்டவில்லை.

மாகிரட் வெளியே வந்து ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்து பார்த்தார்.

றம்ஸியாவுக்கு அடக்க ஏலாமல் போய்விட்டது. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மாகிரட்டின் வீட்டுக்குள் போனாள்.

மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒரு தட்டில் கட்லட்.

"அவரு இனி வரமாட்டாரு அன்ரி! புத்தகம் லைப்ரரியிலதான் கிடக்கு. அந்த மனிசன் உங்கள ஏமாத்தியிருக்காரு. மிஸ்ஸிட்டச் சொல்லி நல்ல ஏச்சு வாங்கிக் குடுத்திட்டன்!"

மாகிரட் மெல்லக் கதிரையில் இருந்தார்.

"அவர் என்ன சொன்னவர்?"

"என்னத்தச் சொல்ற? இனிப் போகமாட்டன் எண்டாரு."

"புத்தகத்தை நான் அவரின்ர கையிலதான் பிள்ளை குடுத்தனான்."

"அப்ப பிறகும் ஏன் வந்து கேக்கிறாரு?" என்றாள் றம்ஸியா.

"குடுத்தாப் பிறகும் ஒருநாள் படலையில வந்து நிண்டு, புத்தகம் எங்க எண்டு கேட்டார். மறதியாக்கும் எண்டு நினைச்சன். முகத்தைப் பார்க்க விளங்கிச்சுது. மனிசியும் காலமாயிற்றா, வேலையும் முடிஞ்சுது. உங்களோட கதைக்க வந்தனான் எண்டு சொல்ல அவருக்கு ஏலாது. வந்து இருங்கோ எண்டு கூப்பிட எனக்கும் ஏலாது. சனம் என்ன கதைக்கும்? இப்படிச் சத்தம் போட்டுக் கேட்டால் ஒருத்தரும் பிழையா நினைக்கமாட்டினம்."

"அப்ப... அண்டைக்குக் கூரையில?"

"ஒழுகினது. ஓடு மாத்தித் தந்தவர்."



"அல்லாவே... அன்ரி, மதிலுக்கு அங்கால நான் இருக்கிறன்தானே! என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் போயிருப்பனா?"

மாகிரட் கட்லட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எப்ப பிள்ளை சொல்ல? நீங்கள் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கிறதே இண்டைக்குத்தானே!"