பெரிய மானிட்டர்

“மவுஸே இல்லாம இதை ஓட்ட முடியுமா அண்ணாச்சி?”

சண்முகராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோவில்பட்டியில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

எதிரே நின்ற வள்ளித்தாய் பசுவந்தனைக்காரி. வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களுக்கு மனுவும் விண்ணப்பமும் அடித்துக் கொடுப்பவள். மழை ஏமாற்றிய வருஷங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் கம்ப்யூட்டரால்தான்.

இப்போது அது கிழடு தட்டிவிட்டது என்று கடைக்குக் கொண்டுவந்திருந்தாள். புது விண்டோஸைத் தாங்காது. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசு கிடையாது என்று யோசனை சொன்னவர் அவர்தான். லினக்ஸிலும் பல ரகம் உண்டு. எது லேசு என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று மூன்று ரகத்தைப் பென்டிரைவில் ஏற்றி ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார்.

“இந்த மூணுல மின்ட் போடுவோம்மா. பாக்கதுக்கு உங்க பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும். புது ஆளுக்கு இதான் தோது.”

“பாக்கதுக்கு எப்படியும் இருந்துட்டுப் போகட்டும். எழுத்தை வாசிச்சுச் சொல்லுமா? தமிழ்ல?”

அந்த வசதி உள்ளேயே இருந்தது. ஆனால் இதுவரை யாருக்கும் அதைத் திறந்து காட்ட வேண்டி வரவில்லை. தேடி எடுத்து ஓடவிட்டார். தொண்டை கட்டியவர் பேசுவதுபோல ஒரு குரல் திரையில் இருந்ததை வாசித்தது. வள்ளித்தாய் தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூன்று ரகத்திலும் அந்தக் குரலை ஓட்டிக் காட்டச் சொன்னாள். கடைசியில் மின்ட்டே போதும் என்றாள்.

“யாருக்கும்மா இது? எழுத்து தெரியாதவிய யாரும் பழகப் போறாவளா?”

“ஒரு ஆளு முதல்லேருந்து பழகணும் அண்ணாச்சி. பங்குனி முடியுததுக்குள்ள கை பழகிரணும். இல்லாட்டி தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

அரைகுறையாகக் கேட்டதை முழுக்கதை ஆக்கிக்கொள்வது சண்முகராஜின் பழக்கம். ஆள் யாரு, மாமியாராகத்தான் இருக்கும். இவள் வெளியூருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். காலமெல்லாம் ஆடு மேய்த்த கிழவியிடம் தொழிலை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அப்படி நினைத்ததும் அவருடைய கோபம் இறங்கிவிட்டது.

வள்ளித்தாய் கீபோர்டில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். புதுசாக்கிய மிஷினைத் தொடும்போது கண்மூடிக் கும்பிடாத ஆள் இந்தப் பக்கம் கிடையாது. அவரும் மரியாதையாக வாய்மூடி நின்றார். அவள் கும்பிடு கொஞ்சம் நீளமாகத்தான் போனது. விரல்கள் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி நகர்ந்துகொண்டிருந்தன.

“கீபோர்டை மாத்திருங்க அண்ணாச்சி. எஃப்லயும் ஜேலயும் இருக்குத சின்ன மேடு தேஞ்சுபோச்சு, விரலுக்குத் தட்டுப்படலை” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அடுத்த வாரம் புருஷன் நல்லக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாம் தயாராக இருந்தது. சண்முகராஜ் தன் பங்குக்கும் ஒன்று செய்திருந்தார். அவளுடைய சின்ன மானிட்டரை ஓரங்கட்டிவிட்டு, கடையில் இருந்த பெரிய மானிட்டரை மாட்டியிருந்தார். எழுத்தெல்லாம் மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்தது. திரை முழுக்கக் கழுகுமலைப் படம், காலை வெயிலோடு.

“வயசான கண்ணுக்குத் தெளிவாத் தெரியணும்லா. இந்த மானிட்டர் என் அன்பளிப்பு. காசெல்லாம் வேண்டாம்.”

வள்ளித்தாய் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லக்கண்ணு சிபியூவைத் தூக்கித் தோளில் வைத்தான். கீபோர்டையும் ஸ்பீக்கரையும் பைக்குள் போட்டான். மானிட்டரைத் தொடவில்லை.

“அதையும் எடுங்கய்யா. கிழவிக்குன்னுதான மாட்டுனேன்” என்றார் சண்முகராஜ்.

“எங்க அத்தை செத்து நாலு வருஷமாச்சு அண்ணாச்சி” என்றாள் வள்ளித்தாய். “மானிட்டர் இங்கனயே இருக்கட்டும். பங்குனிக்கு மேல எனக்குப் பார்வை நிக்காதுன்னு மதுரையில டாக்டர் சொல்லிட்டாவ. அதுக்குள்ள இந்த விரலுக்குப் படிச்சுக் குடுத்திரணும். திரையை மட்டும் உடனே அணைச்சிராதீங்க, அந்த மலையை இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுதேன்.”